பகுதியெண் பூச்சியமானால் போதுமா?

கேள்வி: உயர்தரத்தில் இணைந்த கணிதம் கற்கிறேன். பகுதியெண் பூச்சியமாகும் இடங்கள் எல்லாவற்றிலும் நிலைக்குத்து அணுகுகோடு உண்டென எழுதியதற்குப் புள்ளி குறைக்கப்பட்டது. மேலும், 'எல்லை முடிவிலி' என்று கரும்பலகையில் எழுதும் ஆசிரியரே 'எல்லை இல்லை' என்றும் சொல்கிறார். இவை எவ்வாறு பொருந்தும்?
– மாணவி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லை என்பது, மாறி ஓர் இடத்தை நெருங்க நெருங்கச் சார்பின் பெறுமானம் நாடிச் செல்லும் எண். காலிமுகத்திடலில் ஒரு மாலை 1 மீற்றர் உயரமான கோலொன்றை நிலைக்குத்தாக நட்டு, கடற்பக்கம் சூரியன் இறங்க இறங்க, கோலின் நிழல் தரைப்பக்கமாக நீளுவதைக் கவனியுங்கள். சூரியனின் ஏற்றக்கோணம் 45 பாகையாக இருக்கையில் நிழலும் 1 மீற்றர். 6 பாகையில் ஏறத்தாழ 9.5 மீற்றர், 1 பாகையில் 57 மீற்றரையும், அரைப் பாகையில் 114 மீற்றரையும் தாண்டிவிடும். (சூரிய வட்டத்தின் அகலமே ஏறத்தாழ அரைப் பாகை என்பதால் உண்மையான நிழலின் நுனி மங்கிப்போகும், கணக்குக்காகச் சூரியனை ஒரு புள்ளியாகவும் தரையை முடிவற்ற மட்டமாகவும் கொள்வோம்.) எவ்வளவு பெரிய நீளத்தை நீங்கள் குறிப்பிட்டாலும், கோணத்தைப் போதிய அளவு சிறிதாக்கி நிழலை அதற்கும் அப்பால் நீட்டலாம், ஆனால் கோணம் பூச்சியமாகும்போது நிழல் எவ்வளவு என்று கேட்டால், விடையாகச் சொல்ல எந்த எண்ணும் இல்லை. 'எல்லை முடிவிலி' என்பது அந்த வளர்ச்சிக்கு இட்ட பெயர். 'எல்லை இல்லை' என்பது அவ்வளர்ச்சி எந்த மெய்யெண்ணையும் நாடிச் செல்லவில்லை என்ற கூற்று. உங்கள் ஆசிரியர் முரண்படவில்லை. 1655 இல் ஜோன் வாலிஸ் அறிமுகப்படுத்திய, படுத்த எட்டைப் போன்ற குறியீட்டைச் சமக்குறிக்குப் பக்கத்தில் எழுதும் பழக்கமே அதனை ஓர் எண்ணாக மயங்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

இனி, இழந்த புள்ளிக்கு வருவோம். நிலைக்குத்து அணுகுகோடு என்பது, வரைபு முடிவின்றி மேலேயோ கீழேயோ செல்கையில் நெருங்கிக்கொண்டே போகும் நிலைக்குத்துக் கோடு. ஓர் எண்ணுடன் 2 ஐக் கூட்டி வருவதை, அவ்வெண்ணின் வர்க்கத்திலிருந்து 4 ஐக் கழித்து வருவதால் வகுக்கும் சார்பை எடுங்கள். பகுதியெண் 2 இலும் −2 இலும் பூச்சியமாகிறது. ஆனால் −2 இல் தொகுதியெண்ணும் பூச்சியமாவதால் பொதுக் காரணி சுருங்கிவிட, எல்லை −1/4 ஆகிறது. வரைபில் அங்கே ஒரு துளை மட்டுமே உண்டு. மாறாக, 2.001 இல் பெறுமானம் 1000, 1.999 இல் −1000. ஆகவே 2 இல் அணுகுகோடு உண்டு. சுருக்காமல் தீர்ப்பு எழுதியதே உங்கள் தவறு.

இரு பக்கமும் பெறுமானம் இவ்வாறு வரம்பின்றிப் போகவேண்டும் என்பதும் இல்லை. சூரியன் மறைந்தபின் நிழலே இல்லாதபோதும், வலப்பக்க எல்லை (கோணம் பூச்சியத்தை நேர்ப் பெறுமானங்களின் பக்கமிருந்து நெருங்கும்போதான எல்லை) ஒன்றைக் கொண்டே நிழலின் வரைபுக்குப் பூச்சியத்தில் நிலைக்குத்து அணுகுகோடு அமைந்துவிடுகிறது.