ஹாங்காங்கில் நான்கு நாள் தங்குகிறோம். மிகச் சிறந்த காண்டனீஸ் சுட்ட கூஸ் எந்தக் கடையில் கிடைக்கும்?

சிறந்த கடைகளின் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் ஒரே ஒரு கடையின் பெயரைச் சொன்னால் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைப்பேசி வரைபடத்தில் இப்போதே ஏழெட்டுக் கடைகள் குறிக்கப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். 2015 இல் நானும் என் மனைவியும் சிங்கப்பூரிலிருந்து சென்றபோது எங்கள் வரைபடமும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பயணத்தில் நான் பட்ட அவமானம்தான் இந்தப் பதிலை எழுத வைக்கிறது.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். டக், அதைவிடப் பெரிய உறவுப் பறவையான கூஸ் இரண்டையும் நாம் பெரும்பாலும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். இலங்கைத் தமிழர் டக்கைத் தாரா என்று பிரித்து அழைப்பார்கள். இங்கே அந்த வேறுபாடுதான் முழுக் கதையும் என்பதால் கூஸ் என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள், எல்லாப் பட்டியல்களிலும் இடம்பெற்றிருந்த ஒரு கடைக்குப் பிற்பகல் மூன்று மணிக்குப் போனோம். பெயர் வேண்டாம், அவர்கள் தரப்பு நியாயத்தைப் பின்னால் சொல்கிறேன். ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றபின் கிடைத்த தட்டில் தோல் ஈரத் துணியைப் போலத் துவண்டிருந்தது, அதனடியில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. இதற்காகவா விமானம் ஏறினோம் என்று மனைவி கேட்கவில்லை; கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. மறுநாள் பட்டியலில் இல்லாத ஒரு சாதாரணக் கடையில், கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய பழுப்பு நிறப் பறவையைச் சுட்டிக்காட்டி, பயிற்சி செய்து வைத்திருந்த "சியூ ங்கோ" (சுட்ட கூஸ்) என்ற சொல்லையும் சொல்லி, சூடான ஒரு தட்டு வாங்கினேன். மிகவும் நன்றாக இருந்தது. ஊர் திரும்பியதும், பட்டியல்களில் இல்லாத அற்புதக் கடையை நானே கண்டுபிடித்துவிட்டதாக அலுவலகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஹாங்காங்கில் பிறந்து வளர்ந்த ஒரு சக ஊழியர், நான் பெருமையோடு பாதுகாத்து வைத்திருந்த ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது டக்" என்றார். அதாவது, எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள உணவங்காடியில் வாரந்தோறும் நான் சாப்பிடும் அதே டக்.

அவர் விளக்கியது இது. ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான காண்டனீஸில் "ங்கோ" என்ற ஒலியை ஒரு தொனியில் சொன்னால் கூஸ், இன்னொரு தொனியில் சொன்னால் "நான்", மற்றொன்றில் சொன்னால் "பசி". ஆகவே நான் அந்தக் கடைக்காரரிடம் என்னையே சுடச் சொல்லியிருக்கவும் கூடும். அவர் என் விரல் காட்டிய பறவையைக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எழுத்தில் அடையாளம் காண்பது எளிது. டக், கூஸ் இரண்டின் எழுத்திலும் வலப் பாதி "பறவை" என்ற குறி. கூஸின் எழுத்தில் இடப் பாதி "நான்" என்ற எழுத்து. அந்த ஒரே எழுத்தைக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டு காட்டுங்கள், தொனியை நம்பாதீர்கள்.

பிறகு அவர் சொன்னதுதான் உங்கள் கேள்விக்கான விடை என்று நான் கருதுகிறேன். எந்தக் கடை என்பதைவிட, எந்த நேரம், பறவையின் எந்தப் பகுதி என்பவையே முக்கியம். செய்முறையை அறிந்தால் காரணம் தானே விளங்கும். தோலுக்கும் தசைக்கும் இடையே காற்றை ஊதிப் பிரிக்கிறார்கள். வயிற்றுக்குள் உப்பு, சர்க்கரை, அன்னாசிப்பூ, ஐந்து மசாலாப் பொடி முதலியவற்றை இட்டு, ஊசியால் மூடுகிறார்கள். கொதிநீரை ஊற்றித் தோலை இறுக்கி, மால்டோஸ் என்ற இனிப்புப் பாகும் வினிகரும் கலந்து பூசி, காற்றில் தொங்கவிட்டு நன்றாக உலர்த்தியபின் அடுப்பில் தொங்கவிட்டுச் சுடுகிறார்கள். வெளித்தோல் காய்ந்து கண்ணாடிபோல் ஆகும்போது, மூடிய வயிற்றுக்குள் சாறு கொதித்து இறைச்சியை உள்ளிருந்தே பதப்படுத்துகிறது. அடுப்பிலிருந்து எடுத்த பின் உள்ளே இருக்கும் அந்த ஈரமே தோலின் எதிரியாகிவிடுகிறது. கொழுப்பு மிகுந்த பறவை என்பதால் ஆறினால் வாயில் மெழுகுபோல் ஒட்டும். ஆகவே பிற்பகல் மூன்று மணிக்கு நான் சாப்பிட்டது, நண்பகலில் வந்தவர்களுக்காகச் சுட்டதன் மிச்சம். கடையின் குற்றம் பாதி, என் குற்றம் பாதி.

பீக்கிங் டக் இதைவிட உயர்ந்தது என்று யாராவது பின்னூட்டமிடுவார்கள் என்பது தெரியும். அதில் தோலை மெல்லிய அப்பத்தில் சுருட்டித் தின்பதே முக்கியம். இங்கே எலும்போடு வெட்டிய துண்டும் அதன்மேல் ஊற்றும் வயிற்றுச் சாறும்தான் உணவு. இரண்டையும் ஒப்பிடுவதில் எனக்கு விருப்பமில்லை. நான் உணவு விமர்சகனும் அல்லன். இரண்டு பயணங்களில் ஐந்து இடங்களில் மட்டுமே சாப்பிட்டவன்.

இரண்டாவது பயணம் 2018 அக்டோபரில், சொங் யோங் திருநாளை ஒட்டி அமைந்தது. வசந்தத்தில் வரும் சிங் மிங், இலையுதிர்காலத்தில் வரும் சொங் யோங் ஆகிய இரு முன்னோர் நினைவு நாட்களை ஒட்டிய காலத்தில்தான் கூஸ் நல்ல பதத்தில் இருக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சக ஊழியரின் சொற்படி சூன் வான் ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து சிற்றுந்தில் கடலோரமாக ஷாம் செங் என்ற ஊருக்குப் போனோம். ஒருகாலத்தில் மதுபான ஆலைக்கும், இன்றும் சுட்ட கூஸுக்கும் பெயர் பெற்ற இடம் அது. 1958 முதல் இருக்கும் யூ கீ என்ற கடை அங்கேதான் இருக்கிறது, அருகிலேயே போட்டிக் கடைகளும் உண்டு. பதினொன்றரை மணிக்கே போய் அமர்ந்தோம். கீழ்ப்பாதி, அதாவது தொடையும் காலும் சேர்ந்த பகுதி வேண்டும் என்று எழுதி வைத்திருந்த தாளைக் காட்டினேன். மேற்பாதியைவிட அதற்கு விலை கூடுதல். கொடுங்கள், வருந்த மாட்டீர்கள். தட்டு வந்தபோது தோலில் இன்னும் கொழுப்பு பொரிந்துகொண்டிருந்தது. என் மனைவி முதல் துண்டைப் பிளம் சாஸில் தொட்டுச் சாப்பிட்டார். இரண்டாவதைத் தொடாமலே சாப்பிட்டார். மூன்றாவதை என் பக்கத்திலிருந்து எடுத்தார்.

நகரத்துக்குள்ளேயே இருக்க விரும்பினால், சென்ட்ரல் பகுதியில் வெல்லிங்டன் தெருவின் யுங் கீ உணவகம் 1942 இல் தொடங்கிய பெயர்; அங்கிருந்து பயணிகள் கூஸைப் பெட்டியில் கட்டி விமானத்தில் எடுத்துச் சென்றதால் "பறக்கும் கூஸ்" என்ற புகழும் உண்டு. அதன் நிறுவனரின் பேரன் 2014 இல் வான் சாயில் திறந்த காம்ஸ் சில மாதங்களிலேயே, மிஷெலின் என்ற உணவக வழிகாட்டி நூல் தரும் நட்சத்திரத்தைப் பெற்றது. ஸ்டான்லி தெருவின் யாட் லோக்கும் நட்சத்திரம் பெற்ற சிறிய கடைதான். அங்கே காலுடன் லாய் ஃபன் கேளுங்கள். நம் சேவையைவிடத் தடித்த, வழுக்கும் அரிசி நூல் அது. சூப்பில் கூஸின் கொழுப்பு இறங்க இறங்கச் சுவை கூடும். எங்கே போனாலும் மதிய உணவு நேரத்தின் தொடக்கத்தில் போங்கள். சிறிய கடைகளில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் அமர வைப்பார்கள்; அதை அவமதிப்பாக எண்ண வேண்டாம்.

பன்றி இறைச்சி உண்ண மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை எந்தப் பட்டியலும் உங்களுக்குச் சொல்லாது: இக்கடைகளில் பெரும்பாலானவற்றில் சார் சியூவும் (இனிப்புப் பூச்சோடு சுட்ட பன்றி இறைச்சி) மொறுமொறு பன்றியும் அதே கம்பியில் தொங்கும், அதே கட்டையில் அதே கத்தியால் வெட்டப்படும். அது உங்களுக்கு ஒவ்வாது என்றால், மேசையில் தட்டு வந்தபின் சங்கடப்படுவதைவிட, புறப்படுமுன்பே குடும்பத்தில் பேசி முடிவெடுங்கள்.

இடது கால்தான் சுவை என்று உள்ளூர்வாசிகள் சிலர் கேட்டு வாங்குவார்கள். நானும் கேட்டேன். வெட்டுபவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு காலை எடுத்து வைத்தார். அது எந்தக் கால் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.