பில் தொகை காசுக் கணக்கில் இடிக்கிறதா? மொழியைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில் பில் போடும் செயலி ஒன்று எழுதியிருக்கிறேன். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருகிறது. டூஃபிக்ஸ்ட் போட்டு இரண்டு இலக்கமாகக் காட்டுகிறேன், ஆனாலும் மாதக் கடைசியில் மொத்தம் சில காசுகள் இடிக்கிறது. பைத்தானுக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு ஆலோசகர். மாறலாமா?

பதில்: வேண்டாம். பைத்தானைத் திறந்து அதே கூட்டலைப் போட்டுப் பாருங்கள், அதே 0.30000000000000004 தான் வரும். ஜாவா, சி எதில் டபுள் என்ற புள்ளி எண் வகையை எடுத்தாலும் இதுதான் கதை, ஏனென்றால் எல்லாம் புள்ளி எண்களைக் கணினியில் வைக்க 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற ஒரே தர விதியைப் பின்பற்றுகின்றன. மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போவது போல, பத்தில் ஒரு பங்கு, 0-உம் 1-உம் மட்டுமே உள்ள இரும எண்ணில் முடிவதே இல்லை. கணினி 53 பிட்டோடு (இரும இலக்கத்தோடு) வெட்டிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். இதைச் சரிசெய்ய மொத்தச் செயலியையும் வேறு மொழியில் மாற்றி எழுதச் சொல்பவர் உங்கள் பிரச்சினையைத் தீர்க்க வரவில்லை, தனக்கு ஆறு மாத வேலை தேடுகிறார். அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பணத்தைக் காசாக, முழு எண்ணாக வையுங்கள். 19.99 என்றால் 1999. டேட்டாபேஸிலும் ஃப்ளோட் (டபுள் போன்ற புள்ளி எண் வகை) வேண்டாம், முழு எண்ணோ, பத்தின் கணக்கில் அப்படியே வைக்கும் டெசிமல் வகையோ போதும்.

மாற்றும் இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள், இதை நிதானமாகப் படியுங்கள். 19.99-ஐ 100-ஆல் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் 1999 தராது, 1998.9999999999998 தரும். அதை, புள்ளிக்குப் பின்னுள்ளதை வெட்டிவிடும் பார்ஸ்இன்ட்டில் போட்டால் 1998 ஆகிவிடும், ஒரு காசு அங்கேயே போச்சு! பெருக்கிய பிறகு, அருகிலுள்ள முழு எண்ணைத் தரும் மேத்.ரவுண்ட் போட்டால் 1999 கிடைக்கும். அதைவிட நல்லது, பயனர் தட்டிய எழுத்தை எண்ணாக்காமல் புள்ளியில் பிரித்து, பின்பகுதியை இரண்டு இலக்கமாக நிரப்பி, ஒட்டி முழு எண்ணாக்குவது. பைத்தான்காரர்களும் இதே குழியில் விழுகிறார்கள்: டெசிமலுக்குள் 0.1-ஐ மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால் பிழையும் சேர்ந்தே உள்ளே போகும், மேற்கோளுக்குள் கொடுத்தால்தான் சுத்தமான 0.1.

டூஃபிக்ஸ்ட் காட்சிக்கு மட்டும்தான், கணக்குக்கு அதை நம்பாதீர்கள். 1.005-க்கு அது 1.00 என்றுதான் தரும், உள்ளே இருப்பது 1.005-ஐவிடத் துளி குறைவு என்பதால்.

இத்தனை வருஷமாகியும் தொடக்கப் பாடத்திலேயே "விலை என்றால் ஃப்ளோட்" என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் மீது தப்பே இல்லை.

அப்புறம், விற்பனை வரியைப் பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக அருகிலுள்ள காசுக்கு முழுமைப்படுத்துகிறீர்களா, மொத்தத்தில் ஒரே தடவையா? இரண்டும் வேறு வேறு விடை தரும், முழு எண்ணுக்கு மாறினாலும் தரும். பில்லும் மாத அறிக்கையும் ஒரே முறையில் போகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மாதக் கடைசி இடிப்பில் ஒரு பங்கு அங்கேயும் இருக்கலாம்.