செக் குடியரசின் பிர்னோ நகரில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும்?

முதலில் சொல்ல வேண்டியது கெண்டை மீனைப் பற்றித்தான். டிசம்பர் 20 வாக்கில் தெருவோரங்களில் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் வந்துவிடும். கை காட்டிய மீனை வலையில் அள்ளி, எடை போட்டு, அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து தருவார்கள். சிலர் உயிரோடு வாங்கிப் போய் வீட்டுக் குளியல் தொட்டியில் நீந்த விடுவார்கள். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் வெட்ட மனம் வருமா?

25 அல்ல, 24 மாலைதான் அங்கே பெரிய பண்டிகை. மாவு, முட்டை, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு சாலடும் கட்டாயம். மீன் செதில் ஒன்றைத் தட்டுக்கு அடியில் வைத்து, பிறகு மணிபர்சில் போட்டுக்கொள்வார்கள். ஆண்டு முழுக்கப் பணம் தங்குமாம். பரிசு கொண்டுவருவது சாண்டா அல்ல, குழந்தை இயேசு. மணி ஒலித்ததும் பிள்ளைகள் மரத்தடிக்கு ஓடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பிர்னோவின் கிறிஸ்துமஸ் மரக் கதை. 1919 டிசம்பரில் பத்திரிகையாளர் ருடால்ஃப் தியெஸ்னோஹ்லீதெக்கும் நண்பர்களும் நகருக்கு அருகே காட்டில், குளிரில் கைவிடப்பட்ட ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்துக் காப்பாற்றினார்கள். அதன் நினைவில், 1924இல் நகரின் சுதந்திரச் சதுக்கத்தில் அவர் ஒரு மரத்தை நிறுத்தி, ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நிதி திரட்டினார். அந்த வழக்கம் செக் நகரங்கள் எங்கும் பரவியது. பிர்னோவில் திரண்ட பணத்தில் குழந்தைகள் இல்லமே எழுந்தது.

போகிறவர்களுக்கு ஒன்று: 24 அன்று நண்பகலோடு பெரிய கடைகளைச் சட்டப்படி மூடிவிடுவார்கள், 25, 26 இரு நாளும் திறக்காது. வேண்டியதை முன்னரே வாங்கிவிடுங்கள்.