கணக்கு டீச்சராக ஆசை: வேலையை விடலாமா?

கேள்வி: வயது 29. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் அம்மா, அண்ணனோடு இருக்கிறேன். கணிதமும் புள்ளியியலும் படித்து பி.எஸ்சி. முடித்து, உம்ஷ்லாங்காவில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. கைக்கு 19,000 ராண்ட் வருகிறது. வீட்டுக்கு 9,000, கார் தவணை 3,800, பெட்ரோல், போன் எல்லாம் சேர்த்து 2,200. சேமிப்பு 80,000. ஓய்வூதிய நிதியில் 1,40,000. அதில் ஒரு லட்சம் 2024 செப்டம்பருக்கு முன்பு சேர்ந்தது. சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பதில் மாதம் 3,000 கிடைக்கிறது. அடுத்த வருடம் பி.ஜி.சி.இ. (பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சிப் படிப்பு) படித்து உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை ஆக வேண்டும். வேலையை விட்டு, ஓய்வூதியப் பணத்தை எடுத்துப் படிக்கட்டுமா? நல்ல வேலையை விடாதே என்கிறார் அம்மா.

பதில்: படியுங்கள். ஆனால் ஓய்வூதியப் பணத்தை எடுக்க வேண்டாம். உதவித்தொகைக் கடிதம் கைக்கு வருவதற்கு முன்னால் ராஜினாமாவும் வேண்டாம்.

முதல் வேலை, உங்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்து உட்காருவது. 10 முதல் 12-ஆம் வகுப்பு வரை கணிதம் எடுக்க, பட்டப்படிப்பில் கணிதத்தை எந்த வருடம் வரை படித்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். புள்ளியியல் பாடங்களைக் கணிதமாக எடுத்துக்கொள்வது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். விண்ணப்பிக்கும் முன்பே பட்டியலை அனுப்பி, எந்த வகுப்புகளுக்குத் தகுதி என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பேசும் அளவுக்காவது ஜூலு வேண்டும். அதையும் இப்போதே தொடங்கலாம்.

இனி பணம். இந்தப் படிப்பில் கட்டணத்தை விடப் பெரிய செலவு, ஒரு வருடச் சம்பளம் இல்லாமல் போவதுதான். பிப்ரவரியில் சேர்ந்தால், அடுத்த வருடம் பள்ளியில் சேர்ந்து முதல் சம்பளம் கைக்கு வரும்வரை 14 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 15,000 வீதம் 2,10,000 ராண்ட். சேமிப்பு 80,000, டியூஷன் 42,000 போக 88,000 துண்டு விழுகிறது. அந்த 14 மாதமும் வீட்டுச் செலவில் 4,000-ஐ அண்ணன் ஏற்றுக்கொண்டால் 56,000 குறையும். மீதி 32,000. இப்போது உங்கள் கையில் மாதம் 4,000 மிஞ்சுகிறது. ஜனவரி வரை எட்டுச் சம்பளம் இருக்கிறது. அதை அப்படியே ஒதுக்கினால் 32,000 வந்துவிடும். டியூஷன் பணத்தையும் இப்போதிலிருந்தே தொடாமல் வைத்தால் எதிர்பாராத செலவுக்கு ஆகும்.

இந்தக் கணக்கில் படிப்புக் கட்டணத்தைச் சேர்க்கவில்லை. அதற்குத்தான் ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகை. கணித ஆசிரியர்கள் தேவை என்பதால் உங்கள் பாடம் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு என்று பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வார்கள். வயது வரம்பு 30 என்பதால் உங்களுக்கு இந்த வருட விண்ணப்பம் ரொம்ப முக்கியம். பதிலுக்கு, பணம் வாங்கிய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வருடம் அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும். எந்தப் பள்ளி என்பதை மாகாணக் கல்வித்துறை முடிவு செய்யும். டர்பனிலேயே கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள், தூரத்து நோங்கோமா பக்கமாகவும் இருக்கலாம். போக மறுத்தால் உதவித்தொகை வட்டியோடு கடனாக மாறிவிடும். இதை அம்மாவிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உதவித்தொகை வரவில்லையா? வேலையில் இருந்துகொண்டே யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) மூலம் அஞ்சல் வழியில் படியுங்கள், இரண்டு வருடமானாலும் சரி. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, பள்ளியில் போய்ச் செய்ய வேண்டிய பயிற்சி. அது பல வாரம். சட்டப்படி உங்களுக்கு உள்ள வருட விடுப்பு, வாரம் ஐந்து நாள் வேலை என்றால், 15 வேலை நாள்தான். மீதியைச் சம்பளமில்லா விடுப்பாகத் தருவார்களா என்று மேலாளரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.

ஓய்வூதிய நிதிக்கு வருவோம். பழைய ஒரு லட்சத்தில் 10 சதவீதம், அதாவது 10,000, 2024 செப்டம்பரில் வந்த புதிய முறையில் சேமிப்புப் பங்கு என்ற தனிப் பகுதிக்குப் போயிருக்கும். மீதி 90,000-ஐ ராஜினாமா செய்யும்போது எடுக்க முடியும். ஆனால் முதல் 27,500-க்குத்தான் வரி இல்லை. அது போக 62,500-க்கு 18 சதவீதம், அதாவது 11,250 ராண்ட் வரியாகப் போய்விடும். அதோடு, இப்போது எடுக்கும் தொகை பிற்காலத்தில் ஓய்வு பெறும்போது கிடைக்கும் வரிச் சலுகையிலும் கழியும். 29 வயதில் அந்தப் பணத்துக்கு இன்னும் முப்பது வருடத்துக்கு மேல் வளர நேரம் இருக்கிறது. வேலையை விடும்போது முழுத் தொகையையும், ஓய்வூதியப் பணத்தை அப்படியே காத்து வைக்கும் பிரிசர்வேஷன் ஃபண்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாற்றத்துக்கு வரி கிடையாது.

நெருக்கடி வந்தே தீரும் என்றால், மேலே சொன்ன சேமிப்புப் பங்கு இருக்கிறது. வரி வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். எடுப்பதற்கு அந்த வருட வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். ஆகவே வேலையில் இருக்கும்போது எடுக்காமல், படிக்கும் வருடத்தில் மார்ச் 1-க்குப் பிறகு எடுங்கள்; வருமானம் குறைவாக இருப்பதால் வரியும் குறையும். இன்னொன்று: தானாக ராஜினாமா செய்பவருக்கு யு.ஐ.எஃப். (வேலையில்லாதோர் காப்பீட்டுப் பணம்) கிடைக்காது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. 2024-ல் மேற்கு கேப் மாகாணம் பணமில்லாமல் 2,407 ஆசிரியர் இடங்களைக் குறைத்தது. வேலை உறுதி என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இருந்தும் கணித ஆசிரியருக்குத் தேவை குறைந்துவிடவில்லை. நிரந்தர அரசு இடம் கிடைத்தால் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியில் நீங்கள் 7.5 சதவீதம் போட, அரசு 13 சதவீதம் போடும். பள்ளி நிர்வாகக் குழு தன் பணத்தில் கொடுக்கும் வேலையில் இது கிடையாது. இரண்டையும் ஒப்பிடும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். 1929-ல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறந்தபோது நம் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்பு எட்டாத ஒன்றாக இருந்தது. ஆசிரியர் வேலைதான் பல வீடுகளைத் தூக்கி நிறுத்தியது. அம்மாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? அவருக்கு வேண்டியது, 14 மாதமும் வீட்டுச் செலவு நிற்காது என்ற உறுதி. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, அண்ணனும் இருக்கும்போது காட்டுங்கள். வங்கிக் கடன் என்ற பேச்சு வந்தால், அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: நீங்கள் தவணை கட்ட முடியாமல் போனால், அவர் சம்பளத்தில் அதைக் கட்ட இடம் இருக்கிறதா?