நிட்டிங்கைப் பொழுதுபோக்காகத் தொடங்க ஊசியா, மெஷினா? மெஷின் வாங்கிவிட்டால் கைப்பின்னல் தேவையில்லையா?

முதலில் ஊசி. மெஷின் ஆறு மாதம் கழித்து வரட்டும். அது வந்த பிறகும் ஊசியை எடுத்து உள்ளே வைக்க முடியாது.

மெஷின் செய்கிற வேலை ஒன்றுதான்: ஒரு வரிசைக் கண்ணிகளை, அதாவது நூல் வளையங்களை, ஒரே வீச்சில் போட்டுத் தருகிறது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ உருவாக்கிய காலுறைத் தறி செய்ததும் அதைத்தான். நிமிடத்துக்கு 30 கண்ணி போடுபவருக்கு 140 கண்ணி வரிசை ஒன்று முடிய ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். மெஷினில் அது சில விநாடி வேலை. ஆனால் அளவு கணக்கு, கழுத்து வளைவு, விழுந்த கண்ணியைத் தூக்குவது, பாகங்களை இணைப்பது எல்லாம் கையும் கண்ணும் செய்ய வேண்டியவை. கண்ணியைப் பார்த்ததும் அடையாளம் தெரியாதவருக்கு மெஷின் தவறுகளையும் அதே வேகத்தில் போட்டுத்தரும்.

கைப்பின்னலுக்கு 4 மி.மீ. ஊசியும் வெளிர் நிறத்தில் வழவழப்பான டி.கே. பருமன் (நடுத்தரத் தடிமன்) நூலும் எடுங்கள். கறுப்பு நூலும் மொசுமொசு நூலும் கற்பவருக்கு ஆகாது, கண்ணியே தெரியாது. முப்பது கண்ணி போட்டு நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி), பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) இரண்டையும் மாற்றி மாற்றிப் பின்னி, ஒவ்வொரு கண்ணியையும் உற்றுப் பாருங்கள். நிட் கண்ணிக்குக் கீழே வி வடிவம் இருக்கும். பர்ல் கண்ணியின் கழுத்தில் மாலை போட்டதுபோல் ஒரு குறுக்கு மேடு இருக்கும். அடுத்து, கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்புறம் நிற்கிறதா என்று பாருங்கள். இடது கால் முன்னே நின்றால், வழக்கம்போல் பின்னும்போது கண்ணி முறுக்கிக்கொள்ளும். அதைப் பின்புறக் காலில் குத்திப் பின்னினால் சரியாகிவிடும். பர்ல் போடும்போது நூலை எதிர்த்திசையில் சுற்றுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

முப்பது கண்ணி முப்பத்தைந்தாகிறது என்பது எல்லாரும் கேட்கும் சந்தேகம். காரணம் இரண்டு. ஒன்று, வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போய் முதல் கண்ணியைத் தூக்கிவிடும். அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிபோலத் தெரியும், நாமும் இரண்டாகப் பின்னிவிடுவோம். இரண்டு, பர்ல் முடிந்து நிட்டுக்கு வரும்போது நூலை ஊசிகளுக்கு இடையே பின்னுக்குக் கொண்டுபோகாமல் ஊசிக்கு மேலாக எடுத்துப்போவது. அங்கே ஒரு ஓட்டையும் சேர்ந்தே வரும். ஓரத்தில் கூடினால் முதலாவது காரணம், நடுவில் கூடினால் இரண்டாவது.

நிட் ஒரு வரிசை, பர்ல் ஒரு வரிசை என்று பின்னும் ஸ்டாக்கினெட் துணி சுருண்டுகொள்ளத்தான் செய்யும். அது உங்கள் தவறல்ல. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அமைப்பில் இல்லாததால் மேல், கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும் சுருளும். இஸ்திரி போட்டு அடக்கப் பார்க்க வேண்டாம். அக்ரிலிக் நூலில் சூடு அதிகமாகப் பட்டால் துணி துவண்டு, இழுவைத் தன்மையை இழந்துவிடும். அது திரும்பி வராது. கீழே ரிப் (ஒரே வரிசையில் நிட்டும் பர்லும் மாறி மாறி), பக்கத்தில் நான்கு கண்ணி கார்டர் (எல்லா வரிசையும் நிட்) என்று ஓரம் வைப்பதுதான் வழி.

அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டைத் தவிர்க்கிறவர்களிடம் நான் கெஞ்சியே கேட்பேன், தவிர்க்காதீர்கள். 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்று வடிவக் குறிப்பு சொல்கிறது, உங்கள் கை 20 போடுகிறது என்று வையுங்கள். 100 செ.மீ. மார்புச் சுற்றுக்கு 220 கண்ணி போட்டால் ஸ்வெட்டர் 110 செ.மீ. வரும். இரண்டே கண்ணி வித்தியாசம், ஆனால் ஆள் மாறிவிடும். ஊசியை அரை மி.மீ. சிறியதாக்கி மறுபடி பின்னிப் பாருங்கள். துண்டை நனைத்து, காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் அளக்க வேண்டும்.

இனி மெஷின். ஊசிக்கு ஊசி உள்ள இடைவெளிதான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது, அதைத்தான் கேஜ் என்பார்கள். 4.5 மி.மீ. இடைவெளியில் 200 ஊசி கொண்டது ஸ்டாண்டர்ட் கேஜ். நான்கு இழை வரையிலான மெல்லிய நூல் இதில் ஓடும். 6.5 மி.மீ. இடைவெளி கொண்ட மிட் கேஜ் டி.கே. நூலுக்கு ஏற்றது. 9 மி.மீ. பல்கி தடித்த நூலுக்கு. கைப்பின்னல் நூல் ஏற்கெனவே கையிருப்பில் உள்ளவருக்கு மிட் கேஜ்தான் என் பரிந்துரை. ஸ்டாண்டர்ட் கேஜில் டி.கே. நூலைத் திணித்தால் கேரேஜ் (ஊசிகளின் மேல் இங்குமங்கும் தள்ளும் பகுதி) கனக்கும், கண்ணி நெருங்கித் துணி அட்டைபோல் விறைக்கும்.

பிரதர் நிறுவனம் நிட்டிங் மெஷின் செய்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது, ஆகவே பழைய மெஷின்தான் பலருக்கும் கிடைக்கும். உலோகப் படுகை (ஊசிகள் வரிசையாக அமரும் தளம்) கொண்ட பழைய மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்பாஞ்ச் பார். ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் நீளமான பட்டை அது. அதன் பஞ்சு பட்டையின் விளிம்புக்கு மேல் உப்பி நிற்க வேண்டும். அமுங்கியோ பிசுபிசுத்தோ போயிருந்தால் ஊசிகள் ஆடும், கண்ணி விழும், கேரேஜ் சிக்கும். மெஷினே கெட்டுவிட்டது என்று பலர் ஒதுக்கிவைப்பது இந்த ஒரு பட்டைக்காகத்தான். புதிய பஞ்சு ஒட்டினால் போதும்.

நூலை உருண்டையிலிருந்து நேராக ஓட்டாதீர்கள். தளர்வாகச் சுற்றிய கூம்பு அல்லது நடுவிலிருந்து இழுபடும் சுற்றுதான் சீராக வரும். நூல் ஓரிடத்தில் தயங்கினால் அங்கே கண்ணி இறுகும். ஓரங்களில் வளையம் தொங்கினால் நூலை மேலே இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் கம்பியின் இழுவை போதவில்லை என்று பொருள். ஓரக் கண்ணிகள் விழுந்தால், துணியின் ஓரத்தில் மாட்டிய எடை கீழே இறங்கிவிட்டது. இருபது வரிசைக்கு ஒருமுறை ஓர எடைகளை மேலே ஏற்றி மாட்டுங்கள். கேரேஜ் நடுவில் நின்றுவிட்டால் தள்ளவே கூடாது. தள்ளினால் ஊசியின் கொக்கி வளையும், கொக்கியை மூடும் சிறு நாக்கான தாழ்நா ஒடியும். கேரேஜை விடுவிக்கும் பிடியைத் திருப்பி மேலே தூக்கி எடுத்து, சிக்கிய நூலை விடுவித்து, அந்த வரிசையைக் கையால் முடித்துவிட்டுத் தொடருங்கள்.

மெஷினில் தொங்கும் துணி எடையால் நீண்டிருக்கும், அங்கேயே டேப் வைத்து அளப்பது வீண். அதனால் மெஷின்காரர்கள் வரிசையை எண்ணுவார்கள். கழுவி ஆறவைத்த மாதிரித் துண்டில் 10 செ.மீ.க்கு 28 கண்ணி, 40 வரிசை வந்தால், 50 செ.மீ. அகலத்துக்கு 140 ஊசி, கைக்குழி வரை 38 செ.மீ.க்கு 152 வரிசை.

இரண்டும் சேரும் இடம்தான் எனக்கு மிகப் பிடித்தது. ஸ்வெட்டரின் வெற்று உடல் பகுதியை மெஷினுக்கு விட்டுவிட்டு, ரிப், கழுத்துப்பட்டை, பட்டன் பட்டையைக் கையால் போடுங்கள். ஒற்றைப் படுகை மெஷினில் ரிப் வேண்டுமென்றால் கண்ணிப் பத்தியை இறக்கி, தாழ்நா ஊசியால் ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். கையில் அது சும்மா உட்கார்ந்து பேசிக்கொண்டே நடக்கும். வேறு நிறக் கழிவு நூலில் (பிறகு அகற்றிவிடுவது) எட்டு வரிசை, வழவழப்பான கயிற்றுநூலில் (கடைசியில் உருவி எடுப்பது) ஒரு வரிசை, பிறகு உண்மையான நூல் என்று மெஷினில் தொடங்குங்கள். உடல் முடிந்ததும் அடிப்பக்கக் கண்ணிகளை ஊசியில் எடுத்த பிறகே கயிற்றுநூலை உருவ வேண்டும். 140 ஊசியில் பின்னியிருந்தால் அங்கே 139 கண்ணிதான் இருக்கும். ஓரத்து அரைக் கண்ணியையும் சேர்த்தால் 140. முதல் வரிசையில் எட்டு நிட், அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்று என்று 14 முறை பின்னினால் 126 ஆகும். இரண்டுக்கு இரண்டு (இரண்டு நிட், இரண்டு பர்ல்) ரிப்புக்கு நான்கின் மடங்கோடு இரண்டு சேர்ந்த எண் அது, இரு ஓரமும் ஒன்றுபோல் முடியும். ரிப்பை 2.75 மி.மீ. ஊசியில் தொடங்கிப் பாருங்கள். முடிக்கும்போது மட்டும் வலது கையில் 3.5 மி.மீ. ஊசி வைத்துத் தளர்வாக காஸ்ட் ஆஃப் செய்யுங்கள் (கண்ணிகளை மூடி முடியுங்கள்), இல்லையென்றால் அடி ஓரம் இடுப்பைக் கவ்விப் பிடிக்கும்.