டிரைவர் புதுசு, வைஃபை காலி!

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது. தம்பி மகன் போட்டுக் கொடுத்த ஓர் இலவச மென்பொருள், ‘உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன’ என்று தினமும் பயமுறுத்திக்கொண்டே இருந்தது. போன வாரம் ‘எல்லாவற்றையும் அப்டேட் செய்’ என்பதை அழுத்தினேன். ரீஸ்டார்ட் ஆனதிலிருந்து வைஃபை பட்டனையே காணோம். வீட்டில் செல்போன்களுக்கு வைஃபை நன்றாகவே கிடைக்கிறது. கடையில் கேட்டால், ‘ஃபார்மட் பண்ணணும், இல்லேன்னா கார்டு போயிருக்கும்’ என்கிறார்கள். டியூஷன் பாடக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்வது?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: ஃபார்மட்டெல்லாம் வேண்டாம் சகோதரி. டிரைவர் என்பது வைஃபை கார்டு போன்ற சாதனங்களை இயக்க விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள். செல்போனில் வைஃபை வருகிறது என்றால் ரூட்டர்மீதும் லைன்மீதும் குற்றமில்லை. பட்டனையே காணோம் என்றால், பெரும்பாலும் விண்டோஸால் வைஃபை கார்டை இயக்க முடியவில்லை என்று பொருள். ஆகவே யூடியூபில் சொல்லும் ஐபி ரீசெட், டிஎன்எஸ் மாற்றம் எதுவும் இப்போது உதவாது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

முதலில் லேப்டாப்பை முழுசாக அணையுங்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் சிஸ்டம் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால்தான் நிஜமாக அணையும். அப்புறம் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு முரண்டுபிடிக்கும் வைஃபை கார்டு இதற்கே சரியாகிவிடுவது உண்டு.

சரியாகவில்லையா? ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ போங்கள். ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்பதை விரித்தால், வைஃபை கார்டின் பெயர்மீது மஞ்சள் முக்கோணம் உட்கார்ந்திருக்கலாம். அதை டபுள் கிளிக் செய்தால் ‘கோட் 10’ போல ஏதாவது காட்டும். சாதனம் இயங்கத் தொடங்கவில்லை என்று அர்த்தம். கார்டு செத்துவிட்டது என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ‘டிரைவர்’ டேபில் ‘ரோல் பேக் டிரைவர்’ (பழைய டிரைவருக்கே திரும்புவது) இருக்கும், அழுத்துங்கள். ஏன் என்று கேட்கும், எந்தக் காரணத்தை வேண்டுமானாலும் டிக் செய்யலாம். முடிந்ததும் ரீஸ்டார்ட்.

அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அதே டேபில் ‘அப்டேட் டிரைவர்’, பிறகு ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’, பிறகு ‘லெட் மீ பிக்’ என்று தொடங்கும் வரி. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கும் டிரைவர்கள் வரிசையாக வரும். இப்போது இருப்பதைவிடப் பழைய பதிப்பு ஒன்று தெரிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ரோல் பேக் கைவிட்ட இடத்தில் பலமுறை என்னைக் காப்பாற்றியது இந்த வழிதான்.

அதுவும் இல்லையென்றால் டிரைவரை டவுன்லோடு செய்யத்தான் வேண்டும். நெட் இல்லாமல் எப்படி? உங்கள் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யுஎஸ்பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் கேட்காது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அதையே லேப்டாப்புக்குக் கடத்திவிடும். மொபைல் டேட்டா தீராது. கேபிள் மட்டும் நல்லதாக இருக்கட்டும். சில மலிவு கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டாவைக் கடத்தாது.

லேப்டாப்பின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே தேடி வைஃபை டிரைவரை எடுங்கள். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரே தெரியாமல் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்று மட்டும் இருந்தால், ‘டீடெய்ல்ஸ்’ டேபில் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ பாருங்கள். அதில் 8086 என்று இருந்தால் கார்டைத் தயாரித்தது இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக். (1978இல் வந்த தன் பிரபல 8086 சிப்பின் எண்ணையே இன்டெல் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. குறும்புதான்!)

கடைசியாக, அந்த இலவச மென்பொருளை இன்றே தூக்கிவிடுங்கள். தம்பி மகன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர் பழசாக இருப்பது நோயல்ல. விண்டோஸ் அப்டேட்டிலும் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ பக்கத்தில் வரும் டிரைவர்களை, குறிப்பிட்ட கோளாறு இல்லாமல் டிக் செய்யாதீர்கள்.

கேள்வி: டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு என் டெஸ்க்டாப்பில் லேன் கேபிள் சொருகினாலும் நெட் வரவில்லை. ஐபி எண் 169.254 என்று தொடங்குகிறது.
— வாசகர், காரைக்குடி

பதில்: அது ரூட்டர் கொடுத்த எண் அல்ல. ரூட்டரிடமிருந்து பதில் வராததால் விண்டோஸ் தானே வைத்துக்கொண்டது. அப்டேட்மேல் பழி போடும் முன் கேபிளை ரூட்டரின் வேறு போர்ட்டில் மாற்றிப் பாருங்கள். ரூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். அசையவில்லை என்றால் மேலே சொன்ன ரோல் பேக். ‘நெட்வொர்க் ரீசெட்’ கடைசி ஆயுதம். அது சேமித்து வைத்த வைஃபை பாஸ்வேர்டுகளையும் அழித்துவிடும், முதலிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.