ஆக்டேவ் ஃபஸ் பெடல்: மூடியைத் திறக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன், கிட்டார் வாசிப்பேன். 1970களின் டைகோபிராஹி ஆக்டேவியா பெடலைப் பார்த்துக் கையால் செய்த நகல் ஒன்றுக்குச் சேலத்தில் ஓர் இடைத்தரகர் 18,000 ரூபாய் சொல்கிறார். உள்ளே ‘அந்தக் காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள்’ இருப்பதாகவும் சொல்கிறார். வாசித்துப் பார்த்ததில் மேல் ஸ்தாயி தெளிவாகக் கேட்கவில்லை. கோர்டு பிடித்தால் ஒலி சிதறுகிறது. பெடல் பழுதா? வாங்கலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அறிகுறிகளை மட்டும் வைத்துப் பெடல் பழுது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தரகர் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு நெருடுகிறது.

ஆக்டேவ் ஃபஸ் என்பது கிட்டார் ஒலியை முரடாக்கி, அதோடு ஒரு ஸ்தாயி மேலான ஒலியையும் எழுப்பும் கால்மிதிக் கருவி. அது தந்தியின் அதிர்வில் கீழே இறங்கும் பாதியை மேல்நோக்கி மடித்துவிடுகிறது. ஐந்தாம் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் வினாடிக்கு 110 முறை எழும் அலை, மடிந்த பிறகு 220 முறை எழும். அதுதான் நீங்கள் தேடும் மேல் ஸ்தாயி. உள்ளே வரும் அலை எவ்வளவு எளிமையாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாக இது கேட்கும். ஆகவே கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பைத் தேர்ந்து, கிட்டாரின் டோன் குமிழை முழுவதும் குறைத்து, 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒற்றைத் தந்தியாக வாசித்துப் பாருங்கள். கோர்டு சிதறுவது இதன் பிறவிக் குணம். ரோஜர் மேயர், ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குச் செய்து கொடுத்த ஆக்டேவியா 1967இல் ‘பர்பிள் ஹேஸ்’ பாடலின் தனி வாசிப்பில் ஒலித்ததைக் கேட்டால், அது ஒற்றைச் சுரங்களாகவே நகர்வது புரியும்.

இப்படி வாசித்தும் கேட்கவில்லையென்றால் மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகளைச் சந்தேகிக்கலாம். அலையை மடிப்பவை இரண்டு ஜெர்மேனியம் டையோடுகள்; அவை ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றின் ஒரு காலைச் சால்டரிலிருந்து விடுவித்து, சூடு ஆறிய பிறகு, மல்டிமீட்டரின் டையோடு அளவையில் பார்த்தால் ஏறத்தாழ 0.25 முதல் 0.35 வோல்ட் வரை காட்டும். சிலிக்கான் என்றால் 0.6 பக்கம் போய்விடும். அளக்கும்போது விரலால் பிடிக்காதீர்கள், உடல் சூட்டிலேயே எண் இறங்கும். ஷாட்கி என்ற வேறு வகை டையோடும் மீட்டரில் இதே அளவைக் காட்டும் என்பதால் பூதக்கண்ணாடி வைத்தும் பாருங்கள். பழைய ஜெர்மேனியம் டையோடின் கண்ணாடிக் குழலுக்குள் முடி போன்ற மெல்லிய கம்பி ஒன்று வளைந்து நிற்பது தெரியும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மேல் ஸ்தாயி தரும் இன்னொரு பழைய பெடலான யூனிவாக்ஸ் சூப்பர்-ஃபஸ்ஸின் நகலுக்கு மேற்சொன்ன டையோடு சோதனை பொருந்தாது. அதிலும் இரண்டு ஜெர்மேனியம் டையோடுகள் இருக்கின்றன. ஆனால் அவை ஒலியின் தலையைத் தட்டி முரடாக்குபவை மட்டுமே. அலையை மடிக்கும் வேலையைச் செய்வது எதிரெதிர் முகமாக இயங்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள். அந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து டையோடு வாங்கிப் போட்டாலும் மேல் ஸ்தாயி எழாது. உள்ளே திருப்புளியால் திருகும் சிறிய டிரிம்பாட் இருந்தால், ஒற்றைச் சுரத்தை வாசித்துக்கொண்டே அதைத் திருகி, ஸ்தாயி தெளிவாக எழும் இடத்தில் நிறுத்த வேண்டும். இது தெரியாமல் டையோடை மாற்றிக்கொண்டே காசை இழப்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது.

இனி தரகர் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன். டைகோபிராஹி ஆக்டேவியாவில் ஜெர்மேனியம் என்பது டையோடுகள் மட்டுமே; டிரான்சிஸ்டர்கள் சிலிக்கான். இதே வகைப் பெடலான ஃபாக்ஸ் டோன் மெஷினும் அப்படித்தான். ஆகவே ‘ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்’ என்று விலை ஏற்றுபவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது, அல்லது தெரிந்தே பொய் சொல்கிறார். ‘ஏற்காட்டுக் குளிரில் அப்படித்தான் கேட்கும், சேலத்து வெயிலில் சரியாகிவிடும்’ என்று சமாதானம் சொன்னாலும் நம்பாதீர்கள். வெப்பத்துக்கு வெகுவாக நிலைமாறுவது ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். இந்தப் பெடலில் அது இல்லை.

இந்தத் தரகர்கள் செய்தவரின் பெயரைச் சொல்வதில்லை, ரசீது தருவதில்லை, சர்க்யூட் பலகை மீது கறுப்புப் பிசினை ஊற்றி ‘தொழில் ரகசியம்’ என்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முந்தைய சர்க்யூட்டில் என்ன ரகசியம்? பிசின் பூசிய பெடலைப் பழுது பார்ப்பது எந்த மெக்கானிக்குக்கும் மிகக் கடினம். இவர்களை வளர்த்துவிட்டது நம் ஏற்பாடுகள்தான். இந்தப் பெடலுக்கு வேண்டிய, சில நூறு ரூபாய் மதிப்புள்ள ஒரு சிறு டிரான்ஸ்பார்மரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், கூரியர் கட்டணமும் சுங்கமும் பொருளின் விலையைத் தாண்டிவிடுகின்றன. எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று கேட்டால் விளக்கம் சொல்ல ஆளில்லை. நேர்மையாக ஒன்றிரண்டு செய்து விற்க நினைப்பவர் அங்கேயே சோர்ந்துபோகிறார்; மொத்தமாக இறக்குபவர் பிழைத்துக்கொள்கிறார்.

மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிசின் இல்லாமல், டிரான்ஸ்பார்மரும் இரண்டு கண்ணாடி டையோடுகளும் கண்ணுக்குத் தெரிந்து, செய்தவரின் கைப்பேசி எண்ணும் கிடைத்தால் விலை பேசுங்கள். அப்போதும் 18,000 அதிகம். மறுத்தால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். சேலத்தில் ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் ஒருவரிடம் சர்க்யூட் படத்தைக் கொடுத்து, உதிரிபாகங்களை நீங்களே சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கிக் கொடுத்தால், இதைவிடக் குறைந்த செலவில் செய்துவிடலாம். டையோடுகளை மட்டும் தேவைக்கு அதிகமாக வாங்கிக்கொள்ளுங்கள். அளந்து ஜோடி சேர்க்க அது வேண்டும்.